ஞாயிறுதோறும் மூன்று நிமிடம்

என் மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. ஒன்று தவறினால் கால் வீங்கி, மூச்சு முட்டும். இரண்டு தவறினால் நினைவே தப்பும். மூன்றாவது தவறினால் என்ன ஆகும் என்று டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

நாங்கள் இருப்பது முடிச்சூர் பக்கம். மனை வாங்கிய காலத்தில் புரோக்கர், "ஏரிக் காத்து சார், ஃபேனே வேணாம்" என்று சொல்லித்தான் விற்றார். காற்று மட்டும்தான் வரும் என்று நம்பினோம். சில வருடம் கழித்து ஏரியே வந்தது. அந்த வெள்ளத்தில் இரண்டு டயாலிசிஸ் தவறிவிட்டது. நாலு பேர் ஒரு கதவைக் கழற்றி, அதில் அவளைப் படுக்க வைத்து, கழுத்தளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். அவர் திட்டியதில் தப்பே இல்லை.

அன்றே முடிவெடுத்தேன். இனிமேல் இவளை யாருடைய தோளையும் நம்பி விடக்கூடாது. எங்கள் தெருமுனையில் மீன் விற்கும் அக்கா கோவளத்திலிருந்து வருகிறவர். அவரிடம் சொல்லி, அவருடைய தம்பியிடமிருந்தே சின்னதாக ஒரு ஃபைபர் படகும், பழைய மோட்டார் ஒன்றும் வாங்கினேன். படகின் பின்பலகையில் மாட்டுகிற மோட்டார். மேலே எஞ்சின், நடுவில் நீளமான கால், அடியில் தண்ணீருக்குள் சுற்றும் விசிறி. காரை வெயிலில் நிறுத்திவிட்டு ஷெட்டில் படகை வைத்தேன். தெருவே சிரித்தது. "சார், கோவளத்துக்குப் படகிலேயே போயிட்டு வந்துடலாமே" என்று எதிர்வீட்டுக்காரர் தினமும் ஒரு தடவை கேட்பார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் ஓர் ஆலையில் முப்பது வருடம் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். சும்மா கிடக்கிற எஞ்சின் கெட்டுப்போகும் என்பது எனக்கு வேதம். ஆலையில் ஜெனரேட்டரை, மின்சாரம் போனாலும் போகாவிட்டாலும், வாரம் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதே ஒழுங்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஷெட்டுக்குப் போவேன். கயிற்றை இழுத்து மோட்டாரை ஸ்டார்ட் செய்வேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து, சரியாக மூன்று நிமிடம் ஓட விட்டு அணைப்பேன். லேமினேஷன் செய்த ஓர் அட்டையில் மார்க்கரால் தேதி, நேரம், கையெழுத்து. அட்டையை மோட்டார் மூடியின் உட்பக்கமே ஒட்டி வைத்திருந்தேன். மழையோ, கல்யாணமோ, காய்ச்சலோ, ஒரு ஞாயிறு தவறியதில்லை. வீட்டுக்கு வருகிற உறவினர்களைக் காபி குடிக்க விடாமல் ஷெட்டுக்கு அழைத்துப்போய் அட்டையைக் காட்டுவேன். கையெழுத்துகளை எண்ணிப் பார்க்கச் சொல்வேன்.

இரண்டு வருடம் கழித்து மறுபடியும் தண்ணீர் வந்தது. திங்கட்கிழமை விடியும்போது வாசல் கேட்டில் பாதி தண்ணீருக்குள். மாடிக்கு ஏறிக்கொண்டோம். மற்ற வீடுகளில் அலறல். எனக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. சிரித்தவர்கள் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

எனக்குப் படகு ஓட்டத் தெரியாது. ஓட்டுவதற்கு மீன்கார அக்காவின் தம்பி வருவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை முழுக்கக் காற்று, அவரால் கிளம்ப முடியவில்லை. அன்று மத்தியானம் மீட்புப் படகு ஒன்று எங்கள் தெருவுக்கு வந்தது. "டயாலிசிஸ் பேஷன்ட் இருக்காங்களாமே, இறங்குங்க" என்று கூப்பிட்டார்கள். "எங்ககிட்ட சொந்தப் படகு இருக்கு. இல்லாதவங்களை முதல்ல பாருங்க" என்று பெரிய மனிதன்போலக் கையை ஆட்டி அனுப்பிவைத்தேன். என் மனைவி கட்டிலில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலையில் அவளால் படுக்க முடியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு. இரண்டு வார்த்தை பேசினால் நடுவில் நின்று காற்றை இழுக்க வேண்டியிருந்தது. காலை விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. ஒன்பது மணிக்கு அந்தத் தம்பி வந்து சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும். வண்டலூர் வரை பஸ், பிறகு கிடைத்த லாரி, கடைசியாக நெஞ்சளவு தண்ணீர். தோளில் ஒரு பிளாஸ்டிக் சாக்குப் பை. "சாமான் சார், அது இல்லாம நான் கெளம்ப மாட்டேன்" என்றார்.

அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாற்காலியைப் படகோடு சேர்த்துக் கட்டினோம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. தம்பி கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது. நான் அவரைப் பார்த்த பார்வையில் எவ்வளவு கர்வம் இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவர் முன்பக்கம் போய்க் கேட்டில் கட்டிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டே திரும்பாமல் கேட்டார்.

"சார், ஓட்டைல தண்ணி துப்புதா பாரு!"

எந்த ஓட்டை? எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. முப்பது வருட அனுபவஸ்தன் எப்படிக் கேட்பது? மோட்டார் மூடியிலிருந்து மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "துப்புது, துப்புது" என்றேன்.

இரண்டு தெரு தாண்டினோம். முங்கிக் கிடக்கும் கார்கள் மேலும் காம்பவுண்டுச் சுவர்கள் மேலும் முட்டாமல் போவதிலேயே தம்பியின் கண் இருந்தது. இன்னும் முக்கால் கிலோமீட்டர் போனால் மேடான மெயின் ரோடு. அங்கே ஆம்புலன்ஸ் நிற்பதாகச் சொன்னார்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு குறுக்குத் தெருவில் தண்ணீர் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. அதை நெருங்கும்போது மோட்டாரின் சத்தம் இறங்கியது. பின்னால் வெள்ளையாக ஆவி. பிறகு இரண்டு இருமல், அவ்வளவுதான், நின்றுவிட்டது.

தம்பி பாய்ந்து கழியை ஊன்றி, பக்கத்தில் கட்டி முடிக்காத வீடு ஒன்றின் தூணைப் பிடித்துக்கொண்டார். கம்பியில் படகைக் கட்டினார். நான் படகில் கிடந்த பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் மொண்டு மோட்டார் மேல் ஊற்றப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"ஊத்தாத சார்! சூட்டுல ஊத்துனா ஹெட்டு வெடிச்சிரும். ஆறட்டும்."

"இழுத்துட்டுப் போயிடலாமே?"

"அந்தத் தெருவுல ஓட்றத பாத்தியா? இஞ்சின் இல்லாம குறுக்கால போனா அக்காவோட சேத்து நம்மளையும் அட்சிகினு பூடும்."

மீட்புக் குழுவின் எண்ணுக்கு அடித்தேன். பிஸி. மறுபடி அடித்தேன். பிஸி. நேற்று கையை ஆட்டி அனுப்பிய படகு கண்ணுக்குள்ளேயே நின்றது.

அந்த வீட்டுக்குப் படிக்கட்டு போட்டிருந்தார்கள். தண்ணீருக்கு மேலே நாலு படியும் ஒரு திண்டும் தெரிந்தன. மேலே கான்கிரீட் கூரை. முதலில் அவளை நாற்காலியோடு தூக்கித் திண்டில் வைத்தோம். தம்பி மோட்டாரின் பின்பக்கம் குனிந்து, மூடிக்குக் கீழே இருந்த ஒரு சின்ன ஓட்டையைக் கம்பியால் குத்தினார். மஞ்சளாகக் காய்ந்த கட்டி ஒன்று உதிர்ந்து விழுந்தது.

"இன்னா சார் இது?"

"சந்தனம்," என்றேன். "ஆயுத பூஜைக்கு வெச்சது."

"மோட்டாருக்குப் பொட்டு வக்கிறதுக்கு வேற எடமே கெடைக்கிலியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். என் மனைவிகூட லேசாகச் சிரித்தாள். இவ்வளவுதான் கோளாறு என்றதும் எனக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது. கால் மணி நேரம் ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தார். ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தார். ஒரு சொட்டு வரவில்லை. உடனே அணைத்தார். அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

மூடியைத் தூக்கினார். கருகிய வாடை அடித்தது. மூடியைத் திருப்பியபோது உள்ளே என் அட்டை. கையெழுத்துகள் வரிசையாக, இரண்டு பத்தியாக.

"இன்னா சார் இதெல்லாம்?"

"மெயின்டனன்ஸ் அட்டை." அந்த நிலைமையிலும் என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "ஞாயித்துக்கிழமை தவறாம மூணு நிமிஷம் ஓட்டி வெச்சிருக்கேன்."

"எங்க இட்டுகினு போய் ஓட்டுன? ஏரிலயா?"

"ஏரிக்கு எதுக்கு? ஷெட்டுலதான்."

"டிரம்முல தண்ணி ரொப்பி, கால அதுல எறக்கி வச்சியா?"

"தண்ணி எதுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

காருக்கு ரேடியேட்டர் இருக்கிறது. இந்த மோட்டாருக்கு அது கிடையாது. கால் நின்றிருக்கும் தண்ணீரையே உறிஞ்சி, எஞ்சினைச் சுற்ற விட்டு, சூட்டோடு வெளியே துப்புகிறது. துப்புகிற தாரையில் கொஞ்சம் அந்தச் சின்ன ஓட்டை வழியாக வரும். அது வந்தால் எஞ்சின் குளிர்கிறது என்று அர்த்தம். உறிஞ்சுவது காலுக்குள் இருக்கும் ஒரு சின்ன பம்பு. அதற்குள் ஆறு இறக்கை உள்ள ஒரு ரப்பர் சக்கரம். தண்ணீர் இருந்தால் வழுக்கிக்கொண்டு சுற்றும். இல்லாவிட்டால் சுவரில் உரசி ஒரே நிமிடத்தில் கருகும். நான் கொடுத்தது வாரம் மூன்று நிமிடம். அதுவும் இரண்டு வருடம்.

பம்பை வறட்சியாக ஓட்டாதே என்று ஆலையில் சிவப்பு எழுத்தில் போர்டு எழுதி மாட்டியவனே நான்தான். அந்தப் போர்டு இன்னும் அங்கே தொங்கிக்கொண்டிருக்கும். வீட்டு ஷெட்டில் இருந்த மோட்டாருக்குள் ஒரு பம்பு இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க விக்கும்போதே சொல்லியிருக்கலாமே," என்று கடைசியாக ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. அப்போதும் பழியை வேறு தலையில் போடத்தான் புத்தி போகிறது, பாருங்கள்.

"இத போய் யாருனா சொல்வாங்களா சார்? மீன தரையில வளக்காதன்னு சொல்லியா மீன் விக்கிறோம்?"

அவர் எழுந்து சாக்குப் பையை அவிழ்த்தார்.

இருவருமாக மோட்டாரைக் கழற்றித் திண்டில் கிடத்தினோம். காலின் அடிப்பகுதியைப் பிடித்திருந்த ஐந்து போல்ட்டையும் எடுத்து, அதைக் கீழே உருவினார். பம்பின் மூடியைத் திறந்ததும் கருப்புத் தூள் கொட்டியது. சக்கரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு குமிழ், சுற்றிலும் மொட்டைப் பற்கள். அடியில் மூன்று ரப்பர் துண்டுகள் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி ஒரு செங்கல் மேல் வரிசையாக வைத்தார்.

"ஆறுல மூணு. பாக்கி மூணு மேல ஏறிப் பூடுச்சு."

"புதுசு போட்டுட்டா போதாதா?"

"கொழாய்ல துண்டு அடச்சிகினு இருந்தா புதுசு இன்னா பண்ணும் சார்? மறுபடி சூடாவும். நடு ஆத்துல நின்னா பேஜாரு."

தண்ணீர் ஏறும் செப்புக் குழாயை உருவி, அதில் வாயை வைத்து ஊதினார். ஒரு துண்டு தெறித்து வந்தது. நான் ஊதினேன். வாயெல்லாம் கசந்தது. நாலாவது ஊதலில் இன்னொன்று. கடைசித் துண்டு வரவேயில்லை. எஞ்சின் தலைப்பக்கம் சூட்டைக் கட்டுப்படுத்தும் சின்ன வால்வு ஒன்று இருந்தது. அதன் மூடியில் இரண்டு போல்ட், உப்பில் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. அவசரப்பட்டுத் திருகினால் போல்ட் முறிந்துவிடும், முறிந்தால் எல்லாம் முடிந்தது. அவர் ஸ்பேனரால் தட்டுவார், கொஞ்சம் திருகுவார், திரும்பவும் தட்டுவார். என் மனைவியின் மூச்சு எனக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல ஒரு களகளப்பு. அந்தச் சத்தம் எதிரிக்குக்கூட வரக்கூடாது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

போல்ட் இரண்டும் வந்தன. வால்வுக்கு அடியில் அந்த ஆறாவது துண்டு மடிந்து உட்கார்ந்திருந்தது. தம்பி அதை எடுத்துச் செங்கல் மேல் வைத்து, ஒன்றிலிருந்து ஆறு வரை விரலால் தொட்டு எண்ணினார். வால்வையே தூக்கிப் பைக்குள் போட்டார். அது குளிர் தேசத்துக்காரர்களுக்காம், நமக்கு வேண்டாமாம். ஆனால் மூடிக்கு நடுவில் இருந்த காகித வாஷர் கிழிந்துபோயிருந்தது. அதற்குப் பதில் கெட்டியான அட்டை வேண்டும் என்றார். நான் என் பராமரிப்பு அட்டையைப் பார்த்தேன். அது லேமினேஷன் செய்தது, சூட்டில் உருகிவிடும். அதற்குக்கூட உதவவில்லை.

என் மனைவி மடியில் இருந்த ஆஸ்பத்திரி ஃபைலை நீட்டினாள். "இது... அட்டைதானே... தம்பி."

ஃபைலின் பின்னட்டையை அளவாக வெட்டி, கிரீஸ் தடவி ஒட்டினார். பையிலிருந்து ரப்பர் சக்கரம் ஒன்றை எடுத்தார். "பழசுதான். ஆனா ஆறும் கீது." அதை வறட்சியாகப் போடக்கூடாது, சோப்பு வேண்டும் என்றார். அதுவும் அவளிடம்தான் இருந்தது. டயாலிசிஸ் ஊசி போடும் கையைச் சோப்பால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அதற்காக எப்போதும் பையில் ஒரு துண்டு வைத்திருப்பாள். நான் இரண்டு வருடமாகத் தயார் செய்தது ஒன்றும் உதவவில்லை. அவள் கைப்பை உதவியது.

எல்லாவற்றையும் பூட்டிப் படகில் மாட்டி முடிக்கும்போது பதினோரு மணி தாண்டியிருந்தது. கயிற்றை இழுத்தார். நான் ஓட்டைக்கு அடியில் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு குனிந்திருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினேன். ஏழு எண்ணும்போது சளக் என்று ஒரு துப்பல். பிறகு விடாமல் ஒரு தாரை. வெதுவெதுப்பான தண்ணீர். நான் வாய்விட்டு அழுதேன். அவர் எதிரில் அழுவதற்கு வெட்கப்படக்கூடத் தோன்றவில்லை.

"கைய எடு சார்," என்றார் தம்பி. "நான் பாக்கணும்."

அந்தக் குறுக்குத் தெருவைத் தாண்டும்போது படகு பக்கவாட்டில் இழுபட்டது. மோட்டார் விடவில்லை. மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் இருந்தது. மேற்குத் தாம்பரம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின் காலியாக இருந்தது. ஊசி ஏற்றி, மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்று வெள்ளத்தால் பாதிப் பேர் வரவில்லை. கட்டில்கள் காலி. "சரி, ஓரமா நில்லுங்க" என்று உள்ளே விட்டார்.

ஒரு மணி நேரத்தில் அவள் மூச்சு தணிந்தது. உதட்டில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"எனக்கு முதல் வாரமே தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஷெட்டுலேர்ந்து ரப்பர் கருகுற நாத்தம் மாடி வரைக்கும் வந்துச்சு. என்னன்னு தெரியாது. ஆனா ஏதோ தப்பா நடக்குதுன்னு தெரிஞ்சுது."

அந்த நாற்றம் எனக்கும்தான் வந்தது. பழைய தூசி எரிகிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். சில வாரத்தில் நின்றுபோனது. மோட்டார் தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். எரிவதற்கு ரப்பர் மிச்சமில்லாமல் நின்றிருக்கிறது. ஆனால் இவளுக்கும் தெரிந்திருக்கிறது. தன் உயிருக்கென்று வைத்திருந்த ஒன்று கீழே கருகுவதை, மாடியில் உட்கார்ந்து முகர்ந்துகொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள்.

"ஏன் சொல்லலை?" என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். "ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். எஞ்சினைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்றுதான் சொல்லியிருப்பேன். நேற்று அந்த மீட்புப் படகை நான் திருப்பி அனுப்பியபோதும் அவள் வாயைத் திறக்காதது இதனால்தான்.

"மாட்டேன்," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோபமே இல்லை அந்த முகத்தில். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"இன்னும் என்னவெல்லாம் சொல்லாம வெச்சிருக்கே?" என்று கேட்டேன்.

மெஷினில் மிச்ச நேரத்தைப் பார்த்தாள்.

"மூணு மணி நேரம் இருக்கு," என்றாள். "ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க."